செத்துப் பிழைத்தவர்களிடம் கேட்டு எழுதிய நோட்டு

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் சியரா லியோனுக்கு நான் 2018 தொடக்கத்தில் போனேன். நாட்டின் தெற்குப் பக்கம், ஒரு மாவட்ட மருத்துவமனையில் பிரசவ வார்டு டாக்டர். ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்தேன். மருத்துவமனையின் பெயரைச் சொல்ல மாட்டேன், அங்கே நடந்த தவறுகளில் என்னுடையதும் இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன்.

போன முதல் வாரம், இரவு ஒன்பது மணி இருக்கும், ஒரு ஒகாடா வந்து நின்றது. அங்கே வாடகைக்கு ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு ஒகாடா என்று பெயர், ஊருக்குள் போகும் செம்மண் பாதைகளில் அதுதான் பஸ், அதுதான் டாக்சி, பல நேரம் அதுதான் ஆம்புலன்ஸ். ஓட்டுபவருக்கும் பின்னால் உட்கார்ந்த சித்திக்கும் நடுவில் ஒரு பெண்ணை, அங்கே பெண்கள் இடுப்பில் சுற்றும் லாப்பா துணியால் சேர்த்துக் கட்டிக் கொண்டு வந்திருந்தார்கள். பதினாறு வயது. எட்டு மாத வயிறு. நினைவு இல்லை. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். வழியிலேயே இரண்டு தடவை வலிப்பு வந்ததாகச் சொன்னார்கள். ரத்த அழுத்தம் 180-க்கு 120.

என் பாட்டி இதை ஜன்னி என்பாள். ஜன்னி கண்டு செத்தவர்களை அவளுக்குத் தெரியும், அவள் அக்காவே அப்படிப் போனவள்தான். நான் படித்து, வேலை பார்த்த இடங்களில் கர்ப்பகால வலிப்பை, அதாவது எக்லாம்சியாவை, பார்த்திருக்கிறேன், ஆனால் முதல் வாரத்திலேயே நான்கு பார்த்தது அங்கேதான்.

வலிப்பை அடக்கும் மக்னீசியம் சல்பேட் இருந்தது. நரம்பில் மெதுவாக 4 கிராம், இரண்டு புட்டத்திலும் பக்கத்துக்கு 5 கிராமாக 10 கிராம். பிறகு அழுத்தம் குறைக்கும் மருந்து, பிறகு பிரசவத்துக்கான ஏற்பாடு. குழந்தை பிழைக்கவில்லை. அவள் பிழைத்தாள். இரண்டாம் நாள் மாலை கண்ணைத் திறந்து சித்தியைத் தேடினாள்.

மூன்றாம் நாள் எங்கள் மூத்த மிட்வைஃப் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அங்கே பேசும் மொழிகளான கிரியோவிலும் மெண்டேயிலும் பேச்சுக் கொடுத்தார். அப்போது தெரிந்தது: நான்கு நாளாகத் தலைவலி. கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்கிற மாதிரி இருந்திருக்கிறது. முகம் வீங்கியதைப் பார்த்துச் சித்தி பக்கத்து ஊர்ச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே மலேரியாவுக்குச் சோதித்து, பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அழுத்தம் பார்க்கும் கருவி அங்கே ஓடவில்லை. வலிப்பு வந்ததும் ஏதோ பிடித்துக்கொண்டது என்று வீட்டில் பயந்து, அதற்குத் தெரிந்த ஒருவரை அழைத்து வந்ததில் அரை நாள் போய்விட்டது. அப்புறம்தான் ஒகாடா.

இதைக் கேட்டு வந்த மிட்வைஃப் என்னிடம் சொன்னார்: "இவள் செத்திருந்தால், டாக்டர், இது எதுவும் நமக்குத் தெரியாது. காகிதத்தில் எக்லாம்சியா என்று எழுதி மூடியிருப்போம்."

அன்று இரவு ஒரு 200 பக்க நோட்டு எடுத்து முதல் பக்கம் எழுதினேன். பெயர் கிடையாது. வயது, எத்தனையாவது பிள்ளை, வீட்டிலிருந்து எத்தனை மணி நேரம், முதல் அறிகுறி எப்போது, யார் கிளம்பலாம் என்று முடிவு செய்தார், எதில் வந்தார், வந்த பிறகு எங்கள் கையில் எவ்வளவு நேரம் வீணானது. கடைசி வரி எங்களைப் பற்றியது, அதை எழுதத்தான் அதிக நாள் பழக வேண்டியிருந்தது.

கர்ப்ப காலத்திலோ, பிரசவத்திலோ, கர்ப்பம் முடிந்து 42 நாளுக்குள்ளோ சாவின் விளிம்புவரை போய் உயிரோடு திரும்பியவர்களை மருத்துவத்தில் 'நியர் மிஸ்' என்கிறோம். தமிழில் இதற்கு நம் வீடுகளில் எப்போதிருந்தோ சொல் இருக்கிறது: செத்துப் பிழைத்தவள். உலக சுகாதார நிறுவனம் இவர்களைக் கணக்கெடுக்க ஒரு முறையை வகுத்து 2011-ல் கையேடாக வெளியிட்டது. நோக்கம் எளிது. இறந்தவர்களை எண்ணினால் எவ்வளவு என்று தெரியும். பிழைத்தவர்களிடம் கேட்டால் எங்கே, எப்படி என்று தெரியும்.

எவ்வளவு என்பதும் சின்னக் கணக்கில்லை. 2023-ல் உலகம் முழுவதும் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்த பெண்கள் சுமார் 2,60,000. அதில் பத்தில் ஏழு பேர் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில். சியரா லியோனில் 2013-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 1,165 தாய்மார் இறந்ததாக வந்தது, 2019-ல் அது 717. குறைந்திருக்கிறது, நிஜமாகவே குறைந்திருக்கிறது, அதற்குப் பின்னால் அங்கே இருக்கிற செவிலியர்களின் உழைப்பை நான் கண்ணால் பார்த்தேன். இடையில் 2014 முதல் 2016 வரை எபோலா வேறு. அந்த ஒரு நாட்டில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட சுகாதார ஊழியர்கள் செத்தார்கள். நான் போனபோதும் குளோரின் வாசனை என்றாலே முகம் மாறுகிற செவிலியர்கள் வார்டில் இருந்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்ப மாட்டோம் என்று அந்த வருடங்களில் பதிந்த பயம் கிராமங்களில் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்துக்கு எந்தச் சோதனையிலும் அளவு வராது, ஆனால் என் நோட்டில் பல பக்கங்களில் அது இருக்கிறது.

நோட்டு வைத்ததில் நான் எதிர்பாராத ஒரு நன்மை நடந்தது. ஒரு தாய் இறந்தால் விசாரணைக் கூட்டம் போடுவார்கள், அதில் எல்லோரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள், யார் மேல் பழி விழும் என்பதே எல்லார் மனதிலும் ஓடும். அதே ஆட்கள், பிழைத்த பெண்ணைப் பற்றிப் பேசும்போது வாய் திறந்தார்கள். "நான் ஊசி எடுக்கப் போனேன், அலமாரி பூட்டியிருந்தது, சாவி பார்மசிக்காரரிடம், அவர் வீட்டுக்குப் போய்விட்டார்" என்று ஒரு இளம் செவிலியர் தானாகவே சொன்னார். அடுத்த நாள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மக்னீசியம், சிரிஞ்சு, அது அதிகமானால் முறிக்க கால்சியம் குளூகோனேட், முட்டித் தட்டிப் பார்க்க ஒரு சின்னச் சுத்தியல், எல்லாம் போட்டு பிரசவ மேசைக்குப் பக்கத்தில் பூட்டில்லாமல் வைத்தோம். இரண்டு வருடத்தில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அந்த டப்பாவைத்தான் முதலில் சொல்வேன். நீங்கள் எங்கே வேலை செய்தாலும் சரி, சின்னச் சுகாதார நிலையமாக இருந்தாலும் சரி, இதைச் செய்யுங்கள். வலிப்பு வந்தவளை வண்டியில் ஏற்றும் முன் முதல் டோஸ் போட்டு அனுப்புங்கள், நரம்பு கிடைக்காவிட்டால் புட்டத்திலாவது. 2002-ல் வந்த மேக்பை ஆய்வு இந்த மருந்து வலிப்பு வரும் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும் என்று காட்டிவிட்டது, விலையும் குறைவு. கிடைக்க வேண்டிய நேரத்தில் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

இப்போது என் தவறு.

இரண்டாவது மழைக்காலம். அங்கே மே மாதம் பிடித்தால் அக்டோபர் வரை மழை. மூன்றாவது பிரசவத்துக்கு வந்த பெண், நல்லபடியாகப் பிறந்தது, நஞ்சுக்கொடியும் முழுதாக வந்துவிட்டது. ரத்தப்போக்கு எவ்வளவு என்ற கட்டத்தில் 300 மில்லி என்று எழுதிவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன். கண்ணால் பார்த்துப் போட்ட கணக்கு. அவள் கீழே விரித்திருந்தது அடர்ந்த நிறத்தில் பூப்போட்ட லாப்பா, இரண்டு மடிப்பு. அந்தத் துணி எவ்வளவு ரத்தம் குடித்திருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மிட்வைஃப் கத்திக் கூப்பிட்டார். கை ஜில்லென்று, நாடி 140, கண் இமைக்குள் வெள்ளைக் காகிதம் மாதிரி. அவளுக்கு முன்பே ரத்தசோகை. கர்ப்பத்தில் இரண்டு தடவை மலேரியா, தடுப்பு மாத்திரை ஒரே ஒரு முறைதான் கிடைத்திருக்கிறது. ஊட்டமான பெண் தாங்குகிற ரத்த இழப்பை இவள் தாங்க மாட்டாள் என்பது எனக்குப் பாடத்தில் தெரிந்ததுதான். அன்றைக்குக் கைக்கு வரவில்லை.

கருப்பையை அழுத்திப் பிடித்தோம், ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்துகள் கொடுத்தோம்: ஆக்சிடோசின், மிசோப்ரோஸ்டால், டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம். ரத்தம் வேண்டும். அங்கே ரத்த வங்கி என்பது பெரும்பாலும் உறவினர் வந்து கொடுத்தால்தான் ஓடும். கணவருக்குக் கை நடுங்கியது, ரத்தம் கொடுத்தால் ஆண்மை போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அம்மாவின் ரத்தம் சேரவில்லை. கடைசியில் ஆய்வகத்தில் வேலை செய்த பையனே படுத்துக் கொடுத்தான், இன்னொரு பை வார்டைத் துடைக்கும் அம்மாளின் மகனிடமிருந்து. இரண்டு பை. அதில் அவள் திரும்பினாள்.

அவளைப் பற்றி நோட்டில் எழுதும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி 5 பை அல்லது அதற்கு மேல் ரத்தம் ஏற்றியிருந்தால் செத்துப் பிழைத்தவள் கணக்கில் சேரும். எங்களிடம் ஒரு நாளும் ஐந்து பை இருந்ததில்லை. பல அளவுகோல்களுக்கு ஆய்வகச் சோதனை வேண்டும், அந்தச் சோதனையும் எங்களிடம் இல்லை. அதாவது வசதி இல்லாததாலேயே இவர்கள் கணக்கிலும் இல்லாமல் போகிறார்கள். இதைப் பார்த்துத்தான் சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளுக்கென்று 2017-ல் ஆய்வாளர்கள் சிலர் மாற்றி அமைத்த அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள்: ரத்தம் 2 பை போதும், வலிப்பு, கருப்பை கிழிதல், கடும் மலேரியா எல்லாம் நேரடியாகவே கணக்கில் சேரும். நான் அதையே பின்பற்றினேன். ஒரு மாவட்டத்தில் யாராவது புதிதாக இப்படிப் பதிவேடு தொடங்குவதாக இருந்தால், எதை அளக்க முடியுமோ அதை வைத்தே தொடங்குங்கள் என்பேன்.

அன்றிலிருந்து எங்கள் வார்டில் லாப்பாவை எடுத்துவிட்டு, பிள்ளை பிறந்ததும் அடியில் பிளாஸ்டிக் விரித்து, வருகிற ரத்தத்தைப் பாத்திரத்தில் ஊற்றி அளந்தோம். 500 மில்லி தாண்டினால் யாரையும் கேட்காமல் செவிலியரே மருந்தைத் தொடங்கலாம் என்று சுவரில் எழுதி ஒட்டினோம். பல வருடம் கழித்து, 2023-ல் ஈ-மோட்டிவ் என்ற பெரிய ஆய்வு வந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா, நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேல் பெண்கள். அளவுக் கோடு போட்ட உறையைப் பிரசவமான பெண்ணின் அடியில் வைத்து ரத்தத்தை அளந்து, உடனே எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கியதில் கடும் ரத்தப்போக்கும் அதன் கொடிய விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. படித்தபோது சந்தோஷப்பட்டேன், கூடவே அந்தப் பூப்போட்ட லாப்பா கண் முன்னால் வந்து நின்றது.

மூன்றாவதாக ஒருத்தியைச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வயது, ஆறாவது கர்ப்பம், முந்தைய பிரசவம் சிசேரியன். ஆறு கடந்து வர வேண்டிய ஊர். வலி எடுத்தது விடியற்காலை. கணவர் வைரம் தோண்டும் பக்கம் வேலைக்குப் போயிருந்தார், அவருடைய அண்ணன் சொல்லாமல் யாரும் கிளம்ப முடியாது, அண்ணன் சந்தைக்குப் போயிருந்தார். அதற்குள் வலி கூடட்டும் என்று ஏதோ வேர்க் கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். மதியம் பளீரென்று ஒரு வலி, பிறகு வலியே நின்றுவிட்டது. வலி நின்றதும் வீட்டில் நிம்மதிப்பட்டார்களாம். அதுதான் கருப்பை கிழிந்த நேரம். எங்களிடம் வந்து சேர்ந்தபோது இரவு.

நாட்டில் 2010 ஏப்ரலிலிருந்து கர்ப்பிணிகளுக்குச் சிகிச்சை இலவசம், 2018 கடைசியிலிருந்து தேசிய ஆம்புலன்ஸ் சேவையும் உண்டு, அது வந்த பிறகு எங்கள் வாசலில் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் ஆம்புலன்ஸ் ஆற்றுக்கு இந்தக் கரையில்தான் நிற்கும். ஓடத்துக்குக் காசு, கூட வருபவருக்குச் சாப்பாடு, ஊரில் விட்டுவந்த ஐந்து பிள்ளைகளை யார் பார்ப்பது, இதெல்லாம் இலவசத்தில் வராது. தாடியஸ், மெய்ன் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1994-லேயே எழுதி வைத்தார்கள்: முடிவெடுப்பதில் தாமதம், வந்து சேர்வதில் தாமதம், வந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நான் அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள். அந்த மூன்றையும் ஒரே பெண்ணின் ஒரே நாளில் பார்த்தபோது, எங்கள் பங்கும் அதில் இருந்தது: ஜெனரேட்டருக்கு டீசல் தேடி நாற்பது நிமிடம்.

அவளைக் காப்பாற்றினோம், கருப்பையை எடுத்துத்தான். ஐந்தாம் நாள் நான் நோட்டோடு போய் உட்கார்ந்தபோது அவள் எதையும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இனிமேல் எனக்குப் பிள்ளை பிறக்காது என்று என் கணவரிடம் சொல்லிவிட்டீர்களா?"

சொல்லியிருந்தோம். கையெழுத்து வாங்க வேண்டியிருந்ததால் ஆளனுப்பி முதலில் அவரிடம், அவளுக்கு நினைவு வரும் முன்பே.

நோட்டை மூடிவிட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், மிட்வைஃப் மொழிபெயர்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உயிர் பிழைத்தது எங்கள் கணக்கில் வெற்றி. அவள் வீட்டுக்குப் போய் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரிய வழி இல்லை, அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. செத்துப் பிழைத்தவளுக்கு அடுத்து வருவது கடன், பயம், பால் வற்றிப்போவது, குழந்தையை இழந்திருந்தால் அந்தத் துக்கம், சில வீடுகளில் இன்னொரு மனைவி. நீண்ட நேரம் பிள்ளை சிக்கிக்கொண்ட பெண்ணுக்குச் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்து, சரிசெய்யாவிட்டால் வாழ்நாள் முழுக்கச் சிறுநீர் கசியலாம், அதைத் தைத்துச் சரிசெய்யத்தான் ஹாம்லின் என்ற டாக்டர் தம்பதி 1974-ல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் தனி மருத்துவமனையே கட்டினார்கள்.

அதற்குப் பிறகு கேட்கும் விதத்தை மாற்றினேன். முதல் இரண்டு நாள் எதுவும் கேட்பதில்லை. கேட்பது நான் இல்லை, அவர்கள் மொழி பேசும் மிட்வைஃப். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இல்லாத நேரம், சாப்பிட்ட பிறகு. "ஏன் தாமதமாக வந்தாய்" என்று யாரும் கேட்கக் கூடாது, அதில் குற்றச்சாட்டு இருக்கிறது. "உடம்பு சரியில்லை என்று உனக்கு முதலில் எப்போது தோன்றியது, அப்போது யாரிடம் சொன்னாய், அவர்கள் என்ன சொன்னார்கள்" என்று தொடங்கினால் அவர்களே மணிக்கணக்காகப் பேசுவார்கள். பேச விருப்பமில்லை என்றால் அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும். அவளைப் பற்றி, அவளுக்கு நடந்ததைப் பற்றி, எதையும் முதலில் அவளிடம் சொல்வது.

பக்கங்கள் சேரச் சேர ஆபத்தின் காரணங்கள் என்று நான் படித்தது வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. பதினெட்டுக்குக் கீழே வயது, முதல் கர்ப்பம், ஐந்துக்கு மேல் பிள்ளைகள், முந்தைய சிசேரியன், ரத்தசோகை, அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோய், எல்லாம் உண்மைதான். கிழக்கே கெனிமா பக்கத்திலிருந்து வருபவர்களுக்குக் காய்ச்சல் என்றால் எலியால் பரவும் லாசா காய்ச்சலையும் நினைக்க வேண்டும், கடைசி மூன்று மாதத்தில் அது பெரும்பாலும் தாயையோ வயிற்றுப் பிள்ளையையோ கொன்றுவிடும். ஆனால் பதினாறு வயதில் அவள் ஏன் கர்ப்பம்? கர்ப்பம் வெளியே தெரிகிற மாணவிகள் பள்ளிக்கு வரக் கூடாது என்று 2015-ல் அங்கே அரசு தடை போட்டிருந்தது, 2020-ல்தான் எடுத்தார்கள். பள்ளியை விட்டு நின்றவளை எந்த டீச்சரும் பார்ப்பதில்லை, வெட்கத்தில் பரிசோதனைக்கும் தாமதமாகத்தான் வருகிறாள். அவள் வயதை ஆபத்து என்று எழுதுகிறோம், தடையை யாரும் எழுதவில்லை. நான் எழுதினேன்.

நடைமுறையில் உதவியவை எல்லாம் சின்னச் சின்னவை. சிசேரியன் ஆனவர்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள், ஒன்பதாம் மாதமே வந்து தங்க மருத்துவமனை அருகில் காத்திருப்பு வீடு, அதில் அவர்களே சமைத்துக்கொள்ள அடுப்பும் அரிசியும், அரிசி இல்லாவிட்டால் யாரும் தங்க மாட்டார்கள். ரத்தம் கொடுக்கப் போவது யார் என்று எட்டாம் மாதமே ஆளைக் கூட்டி வந்து வகை பார்த்துவிடுவது. ஆக்சிடோசினைக் குளிரில் வைப்பது, மின்சாரம் நின்றால் யார் ஐஸ் பெட்டிக்கு மாற்றுவது என்று ஒரு ஆளின் பெயரை எழுதுவது. அப்புறம் வீட்டுக்கு அனுப்பும்போது கணவர், அவருடைய அண்ணன், மாமியார் என்று முடிவெடுக்கிற எல்லாரையும் வைத்து அடையாளங்களைச் சொல்வது: விடாத தலைவலி, கண்ணில் மின்மினி, மேல் வயிற்றில் வலி, வலி திடீரென்று நிற்பது, துணி நனைந்துகொண்டே இருப்பது. பிரசவமான பிறகும் வலிப்பு வரும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள், அது பலருக்குத் தெரியாது.

பல சுகாதார நிலையங்களில் கிரேடில் என்ற கருவி இருந்தது. அழுத்தத்தையும் நாடியையும் பார்த்து பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு எரியும். எண் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளலாம், போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும்.

2019 கடைசியில், நான் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது, முதல் வாரத்தில் ஒகாடாவில் கட்டி வந்த அந்தப் பெண் வெளிநோயாளிகள் வரிசையில் நின்றாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை, மிட்வைஃப்தான் காட்டினார். அவளுக்கு எதுவும் இல்லை, அக்காவைக் கூட்டி வந்திருந்தாள். அக்காவுக்கு ஏழு மாதம். தலைவலியா என்று கேட்டோம், இல்லை என்றாள் அக்கா. வீக்கமும் இல்லை. மலேரியா சோதனைக்கு அனுப்பலாம் என்று செவிலியர் சீட்டு எழுதப் போனார். தங்கை வழியில் நின்றுகொண்டு நகரவே இல்லை. முதலில் அந்த விளக்கைப் பாருங்கள், அதற்கப்புறம் மற்றது என்றாள்.

கைப்பட்டையைச் சுற்றிப் பார்த்தோம். மஞ்சள் எரிந்தது. அன்றைக்கே அக்காவை வார்டில் சேர்த்தோம், ஜன்னல் ஓரக் கட்டிலில்.